போரும் அறமும் – 17: வீடுகளே இலக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் டக்வே என்ற ராணுவப் பரிசோதனைத் திடல் இருக்கிறது. 1943-ல் அங்கே இரண்டு சிறிய குடியிருப்புகள் எழும்பின. ஒன்றில் ஜெர்மன் தொழிலாளர்கள் வசிக்கும் பாணியில் அடுக்குமாடி வீடுகள். இன்னொன்றில் ஜப்பானிய மர வீடுகள். ஜெர்மன் வீடுகளுக்கு வடிவம் தந்தவர் எரிக் மெண்டல்சோன். ஜெர்மனியின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர், யூதர், ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-லேயே நாட்டைவிட்டு வெளியேறியவர். ஜப்பானிய வீடுகளை வடிவமைத்த ஆண்டனின் ரேமண்ட், டோக்கியோவில் பல வருடங்கள் வாழ்ந்து தொழில் நடத்தியவர். கூரை ஓடு, உத்தரத்து மரம், அந்த மரத்தில் இருக்க வேண்டிய ஈரம் வரை அசலைப் போலவே அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். உள்ளே கட்டில், மெத்தை, துணி அலமாரி, திரைச்சீலை எல்லாம் வைத்தார்கள். ஜப்பானிய வீடுகளின் தரையில் டாடாமி பாய்களை விரித்தார்கள்.

யாரும் குடிவரவில்லை. விமானத்திலிருந்து தீக்குண்டுகளைப் போட்டு, எது வேகமாகப் பற்றுகிறது, எது அணைந்துபோகிறது என்று குறித்துக்கொண்டார்கள். தீயை அணைத்தார்கள், வீட்டைச் செப்பனிட்டார்கள், மறுபடியும் எரித்தார்கள்.

ஆயுதத் தொழிற்சாலையைத் தகர்க்க நினைப்பவர்களுக்குக் கட்டிலும் மெத்தையும் எதற்கு?

போரில் சாதாரண மக்கள் சாகும்போதெல்லாம் உலகம் கேட்டுப் பழகிய பதில் ஒன்று உண்டு. குறி தவறிவிட்டது, தகவல் பிழையாகிவிட்டது, எதிரி மக்களுக்கு நடுவே ஒளிந்திருந்தான் என்பார்கள். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, ஜப்பான் நகரங்களின் மேல் நடந்த தீக்குண்டு வீச்சுக்கு அந்தப் பதில் பொருந்தாது. அங்கே குறி தவறவில்லை. வீடுதான் குறி. அதை முடிவு செய்தவர்கள் நாஜிகள் அல்ல. நாஜிகளை எதிர்த்து, நியாயமான ஒரு போரில் இறங்கியிருந்த ஜனநாயக நாடுகள். அந்த முடிவை அவர்கள் எப்படி எட்டினார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

1938 ஜூன் 21. பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் மூன்று நெறிகளைச் சொன்னார். பொதுமக்களை வேண்டுமென்றே குண்டுவீசித் தாக்குவது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம். வானிலிருந்து தாக்கப்படும் இலக்கு ராணுவ இலக்காகவும், அடையாளம் காணக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதைத் தாக்கும்போதும் அக்கம்பக்கத்து மக்கள் அஜாக்கிரதையால் பலியாகாதபடி கவனம் எடுக்க வேண்டும். அதே வருடம் செப்டம்பரில் சர்வதேச சங்கமும் இதையே தீர்மானமாக நிறைவேற்றியது. ஸ்பெயினில் கெர்னிகா ஊரைச் சந்தை நாளில் ஜெர்மன் விமானங்கள் அழித்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி, போர் தொடங்கிய அன்றே, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் எல்லாத் தரப்பிடமும் ஒரு வேண்டுகோள் வைத்தார். பாதுகாப்பற்ற நகரங்களின் மேல் குண்டு வீசாதீர்கள் என்றார். பிரிட்டன் சம்மதித்தது. ஹிட்லரும் சம்மதம் என்றே பதில் அனுப்பினார். அதே நாட்களில் அவருடைய விமானங்கள் போலந்து நகரங்களைத் தாக்கிக்கொண்டிருந்தன.

முதல் சில மாதங்கள் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மன் நகரங்களின் மேல் துண்டுப் பிரசுரங்களையே போட்டன. 1940 மே 14-ல் ஜெர்மனி நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரின் மையத்தைத் தரைமட்டமாக்கியது. மறுநாளே லண்டன் போர் அமைச்சரவை, ரைன் நதிக்குக் கிழக்கே ரூர் தொழிற்பகுதியைத் தாக்க அனுமதி தந்தது. செப்டம்பரில் லண்டன் மீதான இரவுத் தாக்குதல்கள் ஆரம்பித்தன. நவம்பர் 14-ல் கவென்ட்ரி எரிந்தது. 568 பேர் செத்தார்கள். 1941 மே மாதத்துக்குள் பிரிட்டனில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் பலியாகியிருந்தார்கள். அவர்கள் தொடங்கியதைத்தானே நாங்கள் திருப்பித் தருகிறோம் என்ற எண்ணம் பிரிட்டனில் வேர்விட்டது.

ஆனால் ஒரு செய்தியை இங்கே நிறுத்திப் படிக்க வேண்டும். 1941-ல் பழிக்குப் பழியாக ஜெர்மன் மக்கள் மேல் குண்டு வீசலாமா என்று பிரிட்டனில் கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். குண்டே விழாத வடக்கத்திக் கிராமப்புறங்களில் முக்கால்வாசிப் பேர் ‘வீசலாம்’ என்றார்கள். இரவுக்கு இரவு அடிவாங்கிய லண்டனில் அப்படிச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. பிணத்தை இடிபாட்டிலிருந்து இழுத்தவர்கள் அடுத்தவன் ஊரில் அதைப் பார்க்க அவ்வளவாக ஆசைப்படவில்லை.

கொள்கை மாறியது மக்களின் கோபத்தால் அல்ல. மாற்றியது ஓர் அறிக்கை.

1941 ஆகஸ்டில் பட் என்ற அரசு அதிகாரி, குண்டுவீச்சு விமானங்கள் எடுத்த 600-க்கும் மேற்பட்ட புகைப்படங்களை ஆராய்ந்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொல்லிக்கொண்ட விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அந்த இலக்குக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் போயிருந்தது. புகை மண்டிய ரூர் பகுதியில் பத்தில் ஒன்று. பகலில் போனால் விமானம் சுட்டு வீழ்த்தப்படுகிறது. இரவில் போனால் தொழிற்சாலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்படியானால் என்ன செய்வது? விமானப்படையைக் கலைக்க முடியாது. பிரிட்டன் தன் தொழில்வளத்தின் பெரும் பங்கை அதில் கொட்டியிருந்தது. பிரான்ஸ் வீழ்ந்த பிறகு ஜெர்மனியை நேரடியாகத் தொடக்கூடிய ஆயுதமும் அது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத சிறிய இலக்கை அடிக்க முடியவில்லை என்றால், தவறவே முடியாத பெரிய இலக்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பெரிய இலக்கு, நகரம்.

1942 பிப்ரவரி 14-ல் புதிய கட்டளை போனது. எதிரி நாட்டுச் சாதாரண மக்களின், அதிலும் ஆலைத் தொழிலாளர்களின் மன உறுதியைக் குலைப்பதே இனி முதன்மை நோக்கம் என்றது அது. விமானப்படைத் தலைவர் சார்லஸ் போர்ட்டலுக்கு அதுவும் போதவில்லை. மறுநாள் ஒரு குறிப்பு எழுதினார். குறிவைக்க வேண்டிய புள்ளிகள் குடியிருப்புப் பகுதிகள்தான், கப்பல் தளங்களோ விமான ஆலைகளோ அல்ல, இது எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அதே மாதம் குண்டுவீச்சுப் படையின் தலைமைக்கு ஆர்தர் ஹாரிஸ் வந்து சேர்ந்தார்.

மார்ச் 30-ல், அப்போது பிரதமராக இருந்த சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு, அதாவது பேராசிரியர் ஃப்ரெடரிக் லிண்டெமன், பிரதமருக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு டன் குண்டு நெருக்கமான குடியிருப்பில் விழுந்தால் 20 முதல் 40 வீடுகள் இடியும். 100 முதல் 200 பேர் தெருவுக்கு வருவார்கள். ஒரு விமானம் வீழ்வதற்குமுன் சராசரியாக 14 தடவை போய்வரும். 40 டன் குண்டு போடும். 4,000 முதல் 8,000 பேரை வீடில்லாமல் ஆக்கும். ஜெர்மனியில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள் 58. அவற்றில் வாழ்பவர்கள் 2 கோடியே 20 லட்சம் பேர். போதுமான விமானங்கள் இருந்தால் ஜெர்மன் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரை வீடற்றவர்களாக்கிவிடலாம்.

வீடு இடிவதுதான் மன உறுதியை அதிகம் பாதிக்கிறது, நண்பர்களோ உறவினர்களோ சாவதைவிடவும் அதிகமாக என்றும் அந்தக் குறிப்பில் இருந்தது. ஹல், பர்மிங்ஹாம் என்ற இரண்டு பிரிட்டிஷ் நகரங்களில் நடந்த ஆய்வை அதற்கு ஆதாரமாகக் காட்டினார். அந்த ஆய்வுக்காக ஹல் நகரப் பள்ளிப் பிள்ளைகளிடம் குண்டு விழுந்த இரவுகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி, அவற்றையும் திரட்டியிருந்தார்கள். ஆய்வை நடத்தியவர்களில் முக்கியமானவர் விஞ்ஞானி சாலி ஜுக்கர்மேன். அவரும் சகாக்களும் கண்டுபிடித்தது நேர்மாறான ஒன்று: இரண்டு நகரங்களிலும் மக்களின் மன உறுதி குலைந்ததற்கான அடையாளமே இல்லை. அந்த முடிவு முறைப்படி வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பே லிண்டெமனின் குறிப்பு பிரதமர் மேஜைக்குப் போய்விட்டது. ஹென்றி டிசார்ட், பேட்ரிக் பிளாக்கெட் என்ற இரு பெரிய விஞ்ஞானிகள் கணக்கையே மறுத்தார்கள். சேத மதிப்பீடு ஐந்து மடங்கு அதிகம் என்றார் ஒருவர். ஆறு மடங்கு என்றார் மற்றவர். இருவர் பேச்சும் அம்பலம் ஏறவில்லை.

கவனிக்க வேண்டியது, அந்த இருவரும் எழுப்பியதும் கணக்குப் பற்றிய ஆட்சேபம்தான். இத்தனை லட்சம் குடும்பங்களின் வீட்டை எரிக்கலாமா என்ற கேள்வி அந்த மேஜையில் யார் வாயிலிருந்தும் பெரிதாக எழவில்லை. எரித்தால் பலன் கிடைக்குமா என்பதே விவாதம். நான்கு வருடங்களுக்கு முன்பு பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன மூன்று நெறிகளை யாரும் ரத்து செய்யவில்லை. ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக அவற்றை விட்டு விலகிவந்திருந்தார்கள்.

அந்தக் கணக்கு மனிதர்கள் மேல் இறங்கியபோது எப்படி இருந்தது என்பதை ஹாம்பர்க் காட்டியது.

1943 ஜூலை கடைசி. கடும் வெயில், மழையில்லை, காற்றில் ஈரமில்லை. ஜூலை 24-ஆம் தேதி இரவு தொடங்கிய தாக்குதல் தொடருக்கு பைபிளில் நெருப்பால் அழிந்த கொமோரா நகரத்தின் பெயரை வைத்திருந்தார்கள். அலுமினியத் தாள் துண்டுகளைக் கொத்துக் கொத்தாக வானத்தில் தூவி ஜெர்மன் ரேடாரை முதன்முறையாகக் குருடாக்கினார்கள். ஜூலை 27 நள்ளிரவுக்குப் பின் 700-க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. அவை குறிவைத்த ஹம்மர்புரோக், ஹாம், போர்க்ஃபெல்டே ஆகியவை கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகள்.

முறை எளிது. முதலில் பெரிய வெடிகுண்டுகள் விழும். ஓடுகள் பறக்கும், ஜன்னல்கள் சிதறும், கதவுகள் பிய்த்துக்கொண்டு போகும். வீட்டுக்குள் காற்று தாராளமாகப் புகும். பிறகு நான்கு பவுண்டு எடையுள்ள சிறிய தீக்குச்சிக் குண்டுகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். அவை திறந்து கிடக்கும் கூரை வழியாக மச்சில் விழுந்து பற்றும். தீயணைப்புப் படை தெருவில் இறங்காமலிருக்க இடையிடையே வெடிகளும் உண்டு. அந்த இரவில் தனித்தனித் தீ எல்லாம் சேர்ந்து ஒரே தீயாயிற்று. சூடான காற்று மேலே எழ, சுற்றுப்புறத்துக் காற்றையெல்லாம் அது உள்ளே உறிஞ்சியது. புயல் வேகத்தில் தெருக்களில் காற்று ஓடியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஓடியவர்களின் கால்கள் உருகிய தாரில் சிக்கிக்கொண்டன. நிலவறைகளில் பதுங்கியவர்கள் தீயைத் தொடாமலே, கார்பன் மோனாக்சைடு வாயுவில் மூச்சடங்கி உட்கார்ந்தபடியே இறந்தார்கள். செத்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அந்தப் பத்து நாள் தாக்குதலில் ஏறத்தாழ 37 ஆயிரம் முதல் 40 ஆயிரம் பேர் மாண்டார்கள். பெரும்பகுதி அந்த ஒரே இரவில். சுமார் 9 லட்சம் பேர் ஊரை விட்டு ஓடினார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது லண்டனில் அரசு என்ன சொல்லிக்கொண்டிருந்தது?

ரிச்சர்ட் ஸ்டோக்ஸ் லேபர் கட்சி எம்.பி. முதல் உலகப் போரில் சண்டையிட்டு வீரப் பதக்கம் வாங்கியவர். அவரைக் கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்: குடியிருப்புகளைத் தாக்கும்படி விமானிகளுக்கு உத்தரவு கொடுக்கப்பட்டிருக்கிறதா? விமானத் துறை அமைச்சர் ஆர்ச்சிபால்ட் சின்க்ளேர் 1943 மார்ச்சில் சொன்ன பதில், இலக்குகள் எப்போதும் ராணுவ இலக்குகளே என்பது. டிசம்பரில் மறுபடி கேட்டபோது கொள்கையில் மாற்றம் எதுவும் இல்லை என்றார். போர்ட்டலின் குறிப்பு கோப்பில் இருந்தது. லிண்டெமனின் கணக்கும் இருந்தது. அமைச்சர் சபையில் சொன்னது பொய்.

இந்தப் பொய்யைக் கண்டு முதலில் கொதித்தவர்களில் ஒருவர் ஆர்தர் ஹாரிஸ். 1943 அக்டோபரில் அவர் விமானத் துறைக்கு எழுதிய கடிதம் இந்தப் போரின் முக்கியமான ஆவணங்களில் ஒன்று. ஜெர்மன் நகரங்களை அழிப்பது, ஜெர்மன் தொழிலாளர்களைக் கொல்வது, நாகரிக வாழ்க்கையைச் சின்னாபின்னமாக்குவது இவைதான் எங்கள் நோக்கம். இதை மழுப்பாமல் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கேட்டார் அவர். வீடுகள் தற்செயலாக இடியவில்லை, அதற்காகத்தான் நாங்கள் போகிறோம் என்றார். தன் விமானிகள் உயிரைக் கொடுத்துச் செய்யும் வேலையை அரசு வெட்கப்படும் வேலையாக மறைக்கிறது என்பது அவர் கோபம். துறை மறுத்துவிட்டது. மதத் தலைவர்களும் மனிதாபிமானிகளும் கிளர்ந்தெழுவார்கள், சர்ச்சை வரும் என்பது அதன் கவலை. கேன்டர்பரி பேராயர் போன்றவர்கள் இதைக் கண்டித்தால் விமானிகளின் மனம் தளரலாம் என்று சின்க்ளேரே எழுதியிருக்கிறார்.

‘அந்தக் காலத்து அறம் வேறு, இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதர்களை அளக்காதீர்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கடிதப் போக்குவரத்தே பதில். சரியென்று நம்பியிருந்தால் மறைக்க வேண்டிய அவசியம் என்ன? பேராயருக்குத் தெரியக்கூடாது, எம்.பி.க்களுக்குத் தெரியக்கூடாது, விமானிகளே கூட யோசித்துவிடக் கூடாது என்று நினைத்தவர்களுக்கு அளவுகோல் எது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. தவறென்று தெரிந்தே செய்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன பொய்யே சாட்சி.

அளவுகோலைக் கையில் பிடித்து உரக்கப் பேசியவர்களும் அன்றே இருந்தார்கள். 1944 பிப்ரவரி 9-ல் சிச்செஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல் பிரபுக்கள் சபையில் எழுந்தார். அவர் நாஜிகளுக்கு இரங்கியவர் அல்ல. ஹிட்லரிடமிருந்து தப்பிவந்த அகதிகளுக்கு அடைக்கலம் தேடித் தந்தவர். ஹிட்லரை எதிர்த்ததற்காகத் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் டீட்ரிஷ் போன்ஹோஃபரின் நெருங்கிய நண்பர். ராணுவ இலக்கைத் தாக்கும்போது அருகிலிருப்பவர்கள் சாவது வேறு, ஒரு நகரத்தையே இலக்காக்குவது வேறு என்றார் பெல். ஹாம்பர்க்கில் நடந்ததையும் பெர்லினில் நடந்துகொண்டிருந்ததையும் விவரித்தார். சபையில் அவருக்கு ஆதரவு சொற்பம். அதே வருடம் கேன்டர்பரி பேராயர் பதவி காலியானபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சுதான் காரணம் என்று இன்றுவரை பலர் கருதுகிறார்கள். கன்சர்வேடிவ் கட்சியின் மூத்த தலைவர் சாலிஸ்பரி பிரபு சின்க்ளேருக்கு எழுதியது சுருக்கம்: ஜெர்மானியர்கள்தான் தொடங்கினார்கள், சரி; நாம் சாத்தானை முன்மாதிரியாக வைத்துக்கொள்வதில்லையே. முதல் போரில் காதலனையும் தம்பியையும் பறிகொடுத்து, போர்முனையில் நர்ஸாகப் பணிபுரிந்த எழுத்தாளர் வேரா பிரிட்டன், குண்டுவீச்சைக் கண்டித்து 1944-ல் எழுதிய சிறு நூலுக்காக அமெரிக்கப் பத்திரிகைகளில் வசைமாரி வாங்கினார்.

அதே வருடம் அமெரிக்க ஜெசூட் பாதிரியார் ஜான் ஃபோர்டு ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். நவீனப் போரில் எல்லோருமே போராளிகள்தான் என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நகரத்தில் யார் யார் வாழ்கிறார்கள் என்று தொழில் தொழிலாக நீண்ட பட்டியல் போட்டார். ரொட்டி சுடுபவர், துணி தைப்பவர், சமையல்காரி, கூட்டிப் பெருக்குபவள், நூலகர், தாதி, பள்ளிப் பிள்ளை, கைக்குழந்தை. இவர்களில் யார் கொல்லப்பட வேண்டிய போராளி என்று கேட்டார். போர்வெறி தலைக்கேறிய நாட்டில்கூட பெரும்பாலோர் போரில் ஈடுபடாதவர்கள் என்பது அவர் வாதம். அதற்கு அன்றும் யாரும் நேரான பதில் சொல்லவில்லை.

விமானங்களில் போனவர்களையும் மறந்துவிடக் கூடாது. குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் பேரில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்த இளைஞர்கள். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். ஹாம்பர்க் தாக்குதல் தொடங்கிய மறுநாள், 19 வயது ஃப்ரீமன் டைசன் அந்தப் படையின் தலைமையகத்தில் புள்ளிவிவர ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார்; பின்னாளில் உலகறிந்த இயற்பியலாளர். போர் தொடங்கும்போது தான் அகிம்சைவாதி என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படி இறங்கி இறங்கி, கடைசியில் நிற்பதற்கு எந்த அற நிலையும் மிச்சமில்லாமல் போனது என்றும் அவர் பல ஆண்டுகள் கழித்து எழுதினார். சாவின் கணக்கைச் சுத்தமான அறையில் உட்கார்ந்து போட்டதை நினைத்து அவர் கடைசிவரை வருந்தினார்.

சரி, பலன் கிடைத்ததா? ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி 1944-ன் நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டேதான் போனது. மக்களின் மனம் உடைந்து கலகம் வெடிக்கும் என்ற எதிர்பார்ப்பு கடைசிவரை பலிக்கவில்லை. அதே சமயம், குண்டுவீச்சால் எந்தப் பயனுமே இல்லை என்று சொல்வதும் உண்மைக்குப் புறம்பு. ஆயிரக்கணக்கான விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் போர் விமானங்களையும் ரஷ்ய முனையிலிருந்து ஜெர்மனி தன் நகரங்களுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. தத்துவ அறிஞர் மைக்கேல் வால்ஸர் 1977-ல் எழுதிய நூலில் ஒரு வாதம் வைத்தார்: 1940, 41-ல் பிரிட்டன் தனியாக நின்று, நாஜிகள் வென்றால் நாகரிகமே அழியும் என்ற நிலையில், வேறு ஆயுதமே இல்லாதபோது இதற்கு ஏதோ சமாதானம் இருந்திருக்கலாம். ரஷ்யாவும் அமெரிக்காவும் சேர்ந்த பிறகு அந்தச் சமாதானம் செல்லாது. இந்த வாதத்தின் முதல் பாதியை ஏற்பதே கடினம். ஏற்றாலும் தேதிகள் உதைக்கின்றன. ஜெர்மனி மேல் போட்ட குண்டுகளில் பெரும்பகுதி 1944 ஜூலைக்குப் பின், போரின் முடிவு ஏறக்குறைய தெரிந்த பிறகு போட்டவை. நகைக்கும் கைக்கடிகாரத்துக்கும் பேர்போன ஃபோர்ஸ்ஹைம் என்ற சிறிய நகரத்தில் 1945 பிப்ரவரி 23-ஆம் தேதி ஒரே மாலையில் 17 ஆயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். ஊரில் ஏறத்தாழ நாலில் ஒருவர்.

அதற்குப் பத்து நாள் முன்பு டிரெஸ்டன். பிப்ரவரி 13 இரவில் மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு அலைகளாக பிரிட்டிஷ் விமானங்கள், மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்கள். இரண்டு லட்சம் பேர் செத்ததாக நாஜிப் பிரசாரம் பரப்பிய எண் இன்றும் சுற்றுகிறது. 2010-ல் வெளிவந்த வரலாற்றாளர் குழுவின் அறிக்கை 25 ஆயிரம் வரை என்று நிறுவியது. எண்ணை ஊதிப் பெருக்குவது செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

டிரெஸ்டனில் இன்னொன்றும் நடந்தது. விக்டர் கிளெம்பெரர் என்ற யூதப் பேராசிரியர், ஆரிய மனைவி இருந்ததால் அதுவரை நாடு கடத்தப்படாமல் பிழைத்திருந்தார். அன்று காலை, ஊரில் எஞ்சியிருந்த யூதர்களுக்கு நாடு கடத்தல் உத்தரவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அடுத்தது தன் முறை என்று அவருக்குத் தெரியும். இரவில் குண்டுகள் விழுந்தன. அந்தக் குழப்பத்தில் மனைவி ஈவா ஒரு பேனாக்கத்தியால் அவர் கோட்டிலிருந்த மஞ்சள் நட்சத்திரத்தைக் கிழித்தெடுத்தார். இருவரும் அகதிகளோடு அகதிகளாகத் தப்பினார்கள். அந்த இரவு கிளெம்பெரரைக் காப்பாற்றியது என்பது உண்மை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அது எரித்தது என்பதும் உண்மை. முதல் உண்மையை வைத்து இரண்டாவதைக் கழித்துவிட முடியாது. குண்டு போட்டவர்கள் கிளெம்பெரரை மனதில் வைத்துப் போடவும் இல்லை.

மார்ச் 28-ல் சர்ச்சிலே ராணுவத் தலைவர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வேறு சாக்குகள் சொல்லிக்கொண்டு, பீதியைக் கூட்டுவதற்காகவே ஜெர்மன் நகரங்களைத் தாக்குவதை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றது அது. மூன்று வருடமாக நாடாளுமன்றத்தில் மறுக்கப்பட்ட உண்மை பிரதமர் கையாலேயே எழுதப்பட்டுவிட்டது. விமானப்படைத் தலைமை கொந்தளித்ததும் குறிப்பை வாபஸ் வாங்கி, வேறு வார்த்தைகளில் எழுதிக் கொடுத்தார்.

அதற்குள் டோக்கியோ எரிந்து முடிந்திருந்தது. 1945 மார்ச் 9 நள்ளிரவில் தளபதி கர்டிஸ் லெமே அனுப்பிய பி-29 விமானங்களில் 279, டக்வேயில் சோதித்துப் பார்த்த நாபாம் குண்டுகளைத் தாழப் பறந்து கொட்டின. சுமார் ஒரு லட்சம் பேர் அந்த இரவில் மாண்டார்கள். 40 சதுர கிலோமீட்டர் சாம்பலானது. லெமேயின் கீழ் புள்ளிவிவர அதிகாரியாக இருந்த ராபர்ட் மெக்னமாரா, பின்னாளில் வியட்நாம் போரை நடத்திய அமைச்சர், 2003-ல் வெளிவந்த ஆவணப்படத்தில் ஒன்றை நினைவுகூர்ந்தார்: நாம் தோற்றிருந்தால் போர்க் குற்றவாளிகளாக விசாரிக்கப்பட்டிருப்போம் என்று லெமேயே சொன்னாராம்.

அவர்கள் தோற்கவில்லை. நியூரம்பர்க் விசாரணையில் நகரங்கள் மீதான குண்டுவீச்சு குற்றச்சாட்டாகவே வைக்கப்படவில்லை. லண்டனையும் ராட்டர்டாமையும் அழித்த ஜெர்மன் விமானப்படைத் தலைவர்கள் மேலும் அந்தக் குற்றம் சாட்டப்படவில்லை. சாட்டியிருந்தால் ஹாம்பர்க் பற்றிய கேள்வி வந்திருக்கும். இரண்டு பக்கமும் கொன்றதால், கொல்லப்பட்ட இரண்டு பக்கத்து மக்களுக்கும் நீதி கிடைக்காமல் போனது. டோக்கியோ விசாரணையில் நீதிபதியாக இருந்த கல்கத்தாவின் ராதாபினோத் பால் தன் மாறுபட்ட தீர்ப்பில் அணுகுண்டை எடுத்துப் பேசினார். பசிபிக் போரில் நாஜித் தலைவர்களின் கட்டளைகளுக்கு நெருங்கி வரும் முடிவு ஒன்று உண்டென்றால், அது அணுகுண்டைப் போடும் முடிவுதான் என்று எழுதினார்.

சட்டம் வர 32 வருடம் பிடித்தது. 1977 ஜூன் 8-ல் ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான முதல் கூடுதல் நெறிமுறை நிறைவேறியது. அதன் 51-ஆவது பிரிவைப் படிப்பவர்களுக்கு ஹாம்பர்க்கும் டோக்கியோவும் கண்முன் வரும். ஒரு நகரத்தில் தனித்தனியே இருக்கும் பல ராணுவ இலக்குகளைச் சேர்த்து ஒரே இலக்காக நினைத்துக் குண்டு வீசக் கூடாது. மக்களிடையே பீதியைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு தாக்கக் கூடாது. பழிவாங்கலாகவும் பொதுமக்களைத் தாக்கக் கூடாது. எதிரி செய்தான் என்ற பதில் செல்லாது. கிடைக்கும் ராணுவ ஆதாயத்துக்கு மிஞ்சிய சேதம் மக்களுக்கு நேரும் என்றால் அந்தத் தாக்குதலும் சட்டவிரோதம். ஜெர்மனி 1991-லும், பிரிட்டன் 1998-லும், ஜப்பான் 2004-லும் இதில் சேர்ந்தன. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கா கையெழுத்துப் போட்டும் இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. இஸ்ரேல் சேரவில்லை.

இந்தியாவும் இதில் கையெழுத்திடவில்லை. போர் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எந்த விமானம் வாங்கினோம், எத்தனை ஏவுகணை இருக்கிறது என்று நம் தொலைக்காட்சிகள் மணிக்கணக்கில் பேசுகின்றன. அந்த ஆயுதங்கள் யார் வீட்டின் மேல் விழக்கூடாது என்று எழுதிவைத்த காகிதத்தில் நம் நாட்டின் பெயர் ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டோக்ஸ் செய்ததைப் போல நாடாளுமன்றத்தில் எழுந்து அதைக் கேட்க நம் எம்.பி.க்களால் முடியும். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள், கேட்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)